பாசி உரசினாலும் சுறாதான்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி இருக்கும். சிட்னியில், கூஜி கடலில் கரையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நீந்திக்கொண்டிருந்தேன். வலது கணுக்காலில் ஏதோ உரசியது. பாசிதான். முந்தின இரவு அலை பெரிதாக இருந்ததால் பாறையிலிருந்து பிய்ந்த பாசி கடல் முழுக்க மிதந்தது. அதற்குள் நாலைந்து தடவை கையில் சுற்றிக்கொண்டு, எடுத்துப் போட்டுவிட்டுத்தான் நீந்திக்கொண்டிருந்தேன். எல்லாம் தெரிந்தும் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. முழங்கால் இரண்டும் நெஞ்சோடு வந்து ஒட்டிக்கொண்டன. மூச்சு ஒரு கணம் நின்று, பிறகு தாறுமாறாக வந்தது. ஒரு நிமிடம் அதே இடத்தில் காலை உதைத்துக்கொண்டு மிதந்துவிட்டு, அப்புறம் மெதுவாகத் தொடர்ந்தேன்.

சுறா பயம் கடலில் இருக்கும் சந்தோஷத்தைக் கெடுக்குமா என்று வேலையில் கூட இருக்கும் ஒரு பெண் போன வாரம் கேட்டாள். அவள் சிட்னிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, சென்னைப் பெண். மதிய உணவு நேரத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரி. அம்மா வீட்டிலிருந்து கடல் இருநூறு காலடி தூரம். தாத்தா, அம்மாவின் அப்பா, முத்துக் குளித்தவர், அதற்குப் பிறகு சங்கு குளித்தவர். மன்னார் வளைகுடாவில் 1955லிருந்து 1961 வரை நடந்த முத்துக்குளிப்புதான் தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு. அதில் தாத்தா பார்களில், அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டுகளில், மூழ்கியிருக்கிறார். ஆனால் ஊரில் இருந்தவரை அவருடைய மகளும் பேத்தியும் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. எங்கள் பக்கம் பெண் பிள்ளைகள் கடலில் குளிப்பது கிடையாது. மீன் வாங்கலாம், விற்கலாம், அறுக்கலாம், உப்புப் போட்டுக் காயவைக்கலாம். ஈரத் துணியோடு கரையில் ஏறி வர மட்டும் முடியாது. எங்களைக் கடலுக்கு வெளியே வைத்தது சுறா அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2011ல் சிட்னிக்கு வந்தோம். முப்பத்தைந்து வயதில் நீச்சல் கற்றேன். ஆழம் குறைந்த உள்நீச்சல் குளத்தில், ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பக்கத்து வரிசையில் ஆரம்பித்தேன். அங்கிருந்து கூஜியில் இருக்கும் மெக்கைவர்ஸ் பெண்கள் குளத்துக்குப் போனேன். பாறையைக் குடைந்து, கடல் பக்கம் சுவர் எழுப்பி, அலை வந்து நிரப்பும் குளம் அது. 1886ல் கட்டியது. இன்றைக்கும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும்தான். தலையில் முக்காடு போட்ட பெண்கள், எண்பது வயதுப் பாட்டிகள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் ஒரே தண்ணீரில் இருப்பார்கள். முதல் தடவை உப்புத் தண்ணீர் என் காதுக்குள் புகுந்தது அங்கேதான். நான்கைந்து வருடத்தில் சுவரைத் தாண்டி வெளிக்கடலுக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கரைக்கு இணையாக ஒரு கிலோமீட்டர். நடுவில் ஒரு இடத்தில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, காது இரண்டும் தண்ணீருக்குள் இருக்க, கொஞ்ச நேரம் அப்படியே கிடப்பேன். தண்ணீருக்குள் கேட்கும் அந்தச் சின்னச் சின்னப் பொரிச் சத்தம் எனக்குப் பிடிக்கும். வாரம் முழுக்க அந்த ஐந்து நிமிடத்தை நினைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன் என்றால் மிகை இல்லை.

2022 பிப்ரவரி 16, புதன்கிழமை. சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. லிட்டில் பே என்ற கடற்கரையில், பாறையில் நின்று யாரோ எடுத்தது. அதை நான் பார்த்திருக்கக் கூடாது. நீந்திக்கொண்டிருந்த ஒரு மனிதரை வெள்ளைச் சுறா அடித்துக் கொன்றது. சிட்னியில் 1963க்குப் பிறகு சுறா தாக்கி ஓர் உயிர் போனது அதுதான் முதல் தடவை. மறுநாள் பாண்டாய் முதல் குரோனுல்லா வரை எல்லாக் கடற்கரையையும் மூடினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மலபாரில் கடல் நீச்சல் நிகழ்ச்சி நடக்க வேண்டியது. (ஆமாம், சிட்னியில் ஒரு மலபார் இருக்கிறது. 1931ல் அங்கே பாறையில் மோதி உடைந்த கப்பலின் பெயர் அது. கப்பலுக்குப் பெயர் நம் பக்கத்து மலபார் கரையிலிருந்து வந்தது.) அதில் ஒரு கிலோமீட்டர் பிரிவுக்கு நான் பெயர் கொடுத்திருந்தேன். இறந்துபோனவர் அதே நிகழ்ச்சிக்குத்தான் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார் என்று செய்தியில் சொன்னார்கள். நிகழ்ச்சியை ரத்து செய்தார்கள்.

கடற்கரைகளை மறுபடி திறக்க அதிக நாள் ஆகவில்லை. எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

முதல் வாரம் எல்லோரும் போல நானும் தள்ளிப் போட்டேன். மூன்றாவது வாரம் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். அடியில் மணல் வெள்ளையாக இருக்கும் இடத்தில் பயமில்லை. பாறை வந்து தண்ணீர் கறுப்பாகத் தெரியும் இடம் வந்ததும் கால் நகரவில்லை. அந்தக் கறுப்பு போன மாதமும் அங்கேதான் இருந்தது. அதன் மேல் எத்தனையோ தடவை நீந்தியிருக்கிறேன். இப்போது அதைத் தாண்ட முடியவில்லை. மேகம் ஒன்று சூரியனை மறைத்தாலே போதும், தண்ணீர் முழுக்க நிறம் மாறி, கரைக்கு ஓடி வந்துவிடுவேன். பயம் வந்த பிறகு கடல் எனக்கு நீளம், அகலம் இல்லாமல் ஆழம் மட்டுமாக ஆகிவிட்டது. மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பாட்டி சொல்வாள். எனக்குப் பகலிலேயே, நீலத் தண்ணீரிலேயே தெரிந்தது.

அப்புறம் படிக்க ஆரம்பித்தேன். பயந்தவர்கள் செய்யும் வேலை இது. கூஜியில் 1922ல் இரண்டு மாதத்துக்குள் இரண்டு இளைஞர்கள் சுறா கடித்து இறந்திருக்கிறார்கள். நான் துண்டை விரித்து உட்காரும் அதே கரை. 1929ல் கூஜியில் சுறா புகாத வலை கட்டி, விளக்குப் போட்டு, இரவிலும் ஜனங்களைக் குளிக்க வைத்திருக்கிறார்கள். 1937லிருந்து சிட்னி கடற்கரைகளில் அரசாங்கமே வலை போடுகிறது. இன்றைக்கு நியூகாசிலிலிருந்து வூலங்காங் வரை 51 கடற்கரைகளுக்கு வலை உண்டு. கூஜிக்கு உண்டு. லிட்டில் பேக்கு இல்லை.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு தெம்பு வந்தது. கூஜிக்கு வலை இருக்கிறதே, பிறகென்ன. அந்தத் தெம்பு நாலு நாள்தான் நின்றது. வலை எப்படிப்பட்டது என்று பார்த்தேன். ஒரு வலை 150 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம். கடற்கரைக்குக் குறுக்கே வேலி மாதிரி இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போவதில்லை. கரையிலிருந்து அரை கிலோமீட்டருக்குள், தண்ணீருக்கு அடியில், ஒரு துண்டு மட்டும் நிற்கும். சுறா அதற்கு மேலேயும் போகலாம், பக்கவாட்டிலும் போகலாம். சிக்குகிற சுறாக்களில் பல, கரைப் பக்கம் வந்துவிட்டுத் திரும்பிப் போகும்போது சிக்கியவை. பிடிக்க நினைக்கும் சுறாக்களைவிட ஆமை, திருக்கை, ஓங்கில் (டால்பின்) என்று ஒன்றுமறியாத மற்ற உயிர்கள்தான் அதில் அதிகம் மாட்டுகின்றன, பல செத்தும் போகின்றன. எங்கள் ஊரில் ஓங்கில் வலையில் மாட்டினால் முதலில் அதை அவிழ்த்துவிட்டுத்தான் மற்ற மீனைப் பார்ப்பார்கள். தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இங்கே நான் நிம்மதியாகக் குளிக்க அவை சாகின்றன என்பது எனக்கு இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது.

இந்த வலையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த இரவில்தான் தாத்தா சொன்ன கடல்கட்டி நினைவுக்கு வந்தார்.

முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்த காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் உண்டு. பரம்பரைத் தொழில். குளியாட்கள் இறங்குவதற்கு முன் மந்திரம் சொல்லி, சுறாவின் வாயைக் கட்டிவிடுவார். அவர் இல்லாமல் ஒருவரும் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள். தாத்தா கடல்கட்டியைப் பார்த்ததில்லை, கதையாகக் கேட்டவர். ஆனால் கதை மட்டும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் நம் கரைக்கு வந்த மார்க்கோ போலோ இதை எழுதி வைத்திருக்கிறார். எடுக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்குப் போகும். காலையில் கட்டுவார், இரவானதும் கட்டை அவிழ்த்துவிடுவார். இரவில் யாரும் திருட்டுத்தனமாக இறங்கி முத்து எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. பிறகு 1840களில் இலங்கையில் காலனிச் செயலராக இருந்த எமர்சன் டென்னன்ட், அரிப்புப் பக்கம் முத்துக்குளிப்பைப் பார்க்கப் போகிறார். அன்றைக்குக் கடல்கட்டிக்கு உடம்பு சரியில்லை. தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பியிருக்கிறார். வந்தவருக்கு மந்திரம் தெரியாது. ஆனால், கடல்கட்டியின் ஆளாக நான் இங்கே நின்றாலே சுறாக்கள் மதிக்கும் என்று அவர் டென்னன்டிடம் சொல்கிறார். குளியாட்கள் இறங்கினார்கள்.

இதை முதலில் படித்தபோது மூடநம்பிக்கை என்று கடந்துபோனேன். அந்த இரவில் அப்படித் தோன்றவில்லை. பத்துப் பன்னிரண்டு பாக ஆழத்தில் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி), மூச்சை அடக்கி, கண்ணாடிகூட இல்லாமல் சிப்பி பொறுக்கும் மனிதனுக்குச் சுறா வருமா வராதா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஆனால் அவன் இறங்கியாக வேண்டும். வீட்டில் உலை கொதிக்க வேண்டும். பயத்தோடு இறங்கினால் மூச்சு சீக்கிரம் தீர்ந்துபோகும். யாராவது ஒருவர் கரையில் நின்று “போ, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சொல்லுக்குத்தான் இருபதில் ஒரு பங்கு. 150 மீட்டர் வலையும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. இந்த ஊரின் கடல்கட்டி அது. அது சுறாவைக் கட்டவில்லை, நம்மை அவிழ்த்துவிடுகிறது. எனக்கு அதன் ரகசியம் தெரிந்துவிட்டது, அதனால் அது எனக்கு வேலை செய்யவில்லை.

சரி, என்னைத் திரும்ப இறக்கியது எது என்றால், என் மகள்.

2023 செப்டம்பரில் அவளை நிப்பர்ஸில் சேர்த்தோம். ஞாயிறு காலையில் கடற்கரை உயிர்காப்பு மன்றங்கள் பிள்ளைகளுக்கு நடத்தும் வகுப்பு அது. கண்ணில் அடிக்கிற இளஞ்சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு நூறு பிள்ளைகள் மரூப்ரா கடற்கரை மணலில் ஓடுவார்கள். அவர்கள் தண்ணீருக்குள் போகும்போது சுற்றிலும் பெரியவர்கள் நிற்க வேண்டும். ஆள் போதவில்லை. நிற்க வேண்டுமானால் புரோன்ஸ் மெடாலியன் என்ற உயிர்காப்புத் தேர்வில் தேற வேண்டும். அதற்கு முதல் படி 400 மீட்டரை 9 நிமிடத்துக்குள் நீந்துவது. நான் 8 நிமிடம் 50 நொடியில் முடித்தேன். மற்றதெல்லாம் கடலில்.

அந்தப் பயிற்சியின் முதல் நாள் சொல்லிக்கொடுத்தவர் எங்களைத் தண்ணீரில் இறக்கவில்லை. அரை மணி நேரம் மணல்மேட்டில் நிற்கவைத்துக் கடலைப் பார்க்கச் சொன்னார். எங்கே குளிப்பீர்கள் என்று கேட்டார். நாங்கள் பாதிப் பேர், அலை உடையாத, நுரையில்லாத, அமைதியான ஒரு பட்டையைக் காட்டினோம். அதுதான் ரிப் என்றார். அலைகள் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் எல்லாம் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். அது ஒரு வாய்க்காலாக மணலை அறுத்துக்கொண்டு உள்ளே ஓடும். அங்கே ஆழம் அதிகம், அதனால் அலை உடைவதில்லை, அதனால் பார்க்க அமைதியாக இருக்கும். இந்த நாட்டில் சுறாவால் சாகிறவர்கள் சராசரியாக வருடத்துக்கு இரண்டு மூன்று பேர். ரிப் இருபதுக்கும் மேற்பட்டவர்களை இழுத்துக்கொண்டு போகிறது.

தாத்தாவுக்கு இது தெரியும். நீவாடு எப்படி ஓடுகிறது என்று கரையில் நின்று பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் வள்ளத்தில் ஏறுவாராம். நீவாடு என்றால் நீரோட்டம். எத்தனையோ தடவை அந்தச் சொல்லைக் காதில் வாங்கியிருக்கிறேன், அது என்ன என்று ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. நாற்பத்தேழு வயதில் மரூப்ரா மணல்மேட்டில் நின்று பார்த்தேன்.

அந்த டிசம்பரில் ஒரு நாள். நான் கடற்கரையில் உயிர்காப்பு வேலையில் இருந்தேன். தமிழ்க் குடும்பம் ஒன்று, அப்பா அம்மா இரண்டு பையன்கள், சரியாக ரிப்பின் வாயில் முழங்காலளவு தண்ணீரில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய், “அண்ணா, இங்க நிக்காதீங்க, அந்தக் கொடிக்கு நடுவுல வாங்க” என்றேன். தமிழ் கேட்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம். “இல்லம்மா, நாங்க உள்ள போகல. சுறா வருதுன்னாங்க, அதான் அலை இல்லாத இடமாப் பாத்து ஓரமா நிக்கிறோம்” என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, சின்னவன் கால் பரபரவென்று மணலில் வழுக்க ஆரம்பித்தது. கையைப் பிடித்து இழுத்துக் கரையில் விட்டேன். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. நானும் ஒன்றரை வருடம் இப்படித்தான் நின்றேன். கண் தொடுவானத்தில் முதுகுத் துடுப்பைத் தேடியது. கால் எதில் நிற்கிறது என்று பார்க்கவில்லை. சுறா பயம் கடலின் சந்தோஷத்தைக் குறைக்கிறதா என்று கேட்ட பெண்ணுக்கு இதைத்தான் முதலில் சொன்னேன். சந்தோஷம் குறைவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது நம் கண்ணைத் தவறான பக்கம் திருப்பி வைக்கிறது, அதைத்தான் பொறுக்க முடியாது.

பயம் போய்விட்டதா என்றால் இல்லை. ஜனவரியில் நிப்பர்ஸ் நடந்துகொண்டிருந்தபோது சைரன் ஒலித்தது. ட்ரோன் எதையோ பார்த்திருக்கிறது. பிள்ளைகளை எண்ணி எண்ணிக் கரையேற்றினோம். என் வரிசையில் பதினாறு பேர். பதினைந்துதான் வந்தது. மறுபடி எண்ணினேன், பதினைந்து. பதினாறாவது என் மகள். மணலில் என் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பத்து நொடியை நான் விவரிக்கப் போவதில்லை. நாற்பது நிமிடம் கழித்துத் தண்ணீரைத் திறந்தார்கள். பெற்றவர்கள் தயங்கினோம். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

கலிபோர்னியாவில் இரண்டு வருடம் ட்ரோன் பறக்கவிட்டு 26 கடற்கரைகளைப் பார்த்திருக்கிறார்கள். இளம் வெள்ளைச் சுறாக்கள் கூடும் இரண்டு இடங்களில், பார்த்த நாட்களில் 97 சதவீதம் நாள் சுறாவும் மனிதர்களும் ஒரே தண்ணீரில் இருந்திருக்கிறார்கள். பெரும்பாலும் குளிக்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. சுறா பாட்டுக்கு அது வழியில் போயிருக்கிறது. என் கணவருக்கு இந்தக் கணக்கைக் கேட்டதும் அடிவயிறு கலங்கியது. எனக்கு நேர்மாறாக, ரொம்ப நாளாக இறுகிக் கிடந்த ஒன்று தளர்ந்தது. நான் மல்லாந்து கண்ணை மூடிக் கிடந்த அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவை அங்கே இருந்திருக்கலாம். இருந்தும் ஒன்றும் ஆகவில்லை.

போன மாதம் மேன்லி பக்கம் கேபேஜ் ட்ரீ பேக்குப் போனேன். 2002லிருந்து மீன் பிடிக்கத் தடை உள்ள சின்ன வளைகுடா. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் டஸ்கி வேலர் என்ற சுறாவின் குட்டிகள் அங்கே கூடும். ஒரு மீட்டர் சுமார் நீளம். அதைப் பார்ப்பதற்கென்றே போனேன் என்பதை வீட்டில் சொல்லவில்லை. தண்ணீர் அன்று பாட்டில் கண்ணாடி போல இருந்தது. எனக்கு மூன்று மீட்டர் கீழே, மணலுக்கு மேலே, ஆறு ஏழு சுறாக்கள் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன. முதுகு வெண்கல நிறம். வால் மட்டும் ஆடியது. நான் மேலே இருப்பது அவற்றுக்குத் தெரிந்திருக்கும், நிமிர்ந்து பார்க்கவில்லை. பயந்தேன். கை நடுங்கியது. ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை. ஒன்றரை வருடம் என் தலைக்குள் இருந்த சுறாவுக்கு வாய் மட்டும்தான் இருந்தது. இவற்றுக்கு உடம்பு இருந்தது. அவ்வளவு அழகான உடம்பு.

அம்மா டிசம்பரில் வந்து பிப்ரவரி கடைசி வரை எங்களோடு இருந்தார். 2024 ஜனவரி 29 அன்று எலிசபெத் பே என்ற இடத்தில் ஒரு பெண்ணைச் சுறா கடித்த செய்தி டிவியில் ஓடியது. துறைமுகத்துக்குள், வீடுகளுக்குப் பக்கத்தில். காளைச் சுறா, கோடையில் தண்ணீர் சூடானதும் துறைமுகத்துக்குள் வரும். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். அம்மா சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். “என்ன சுறாட்டி அது?” என்று கேட்டார். சொன்னேன். அம்மா வாழ்நாளெல்லாம் சுறா அறுத்தவர். என் பிரசவத்துக்குத் தூத்துக்குடியிலிருந்து போனிலேயே பால் சுறாப் புட்டுக்குப் பக்குவம் சொல்லி, இங்கே கிடைத்த சுறாவில் என் கணவரைச் செய்ய வைத்தவர். அன்று அவர் சொன்னது எனக்குப் புதிது. “அறுக்கையில வயித்துக்குள்ள குட்டி கெடக்கும். ஆறு, ஏழுன்னு. சில சமயம் உசுரோட இருக்கும். எங்கம்மா அதைக் கடல்ல விட்டுட்டு வாடின்னு என்னை அனுப்புவா. நான் முழங்கால் தண்ணி வரைக்கும் போயி விட்டுட்டு ஓடியாந்துருவேன்.” பரதவர்கள் சினைச் சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வம் இருப்பதாகக் கும்பிட்டார்கள் என்று சங்கப் பாட்டில் வருகிறது. அம்மாவுக்கு அந்தப் பாட்டு தெரியாது. அவருக்குத் தெரிந்தது குட்டியைக் கடலில் விட்டுவிட்டு வருவது.

அடுத்த நாள் அம்மாவைப் பெண்கள் குளத்துக்குக் கூட்டிப்போனேன். படிக்கட்டில் இறங்கும்போதே, “நிசமாவே ஆம்பளைங்க வர மாட்டாங்களா?” என்று மூன்று தடவை கேட்டார். நைட்டியோடு இறங்கினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி, இன்னொரு படி. எழுபத்தொரு வயதில் முதல் முறையாக அம்மாவின் இடுப்புக்கு மேல் கடல் ஏறியது. அலை ஒன்று சுவரைத் தாண்டி வந்து கழுத்து வரை நனைத்தது. அம்மா கண்ணை இறுக மூடி, வாயைத் திறந்து, சத்தமில்லாமல் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

தாத்தா மூழ்கும்போது மேலே கயிறு பிடித்தவர் அம்மாவின் தாய்மாமா. கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்களாம். தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறது என்று. கீழே இருப்பவர் இரண்டு தடவை சுண்டினால் இழுத்துவிட வேண்டும். இதை அம்மா தண்ணீரில் நின்றுகொண்டே சொன்னார். பிறகு, “நீ நீந்துவியாமே, எங்க, காட்டு பாப்போம்” என்றார்.

நான் நீந்தவில்லை. மல்லாந்து படுத்தேன். அந்த வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து கண்ணை மூடி மிதந்ததில்லை. குளத்துக்குள்ளும் சரி, வெளியேயும் சரி, கண் தானாகத் திறந்துகொள்ளும். அம்மா ஒரு கையில் கம்பியையும் இன்னொரு கையில் என் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடினேன். காதுக்குள் பொரிச் சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அம்மா மணிக்கட்டை இரண்டு தடவை சுண்டினார்.